ஒரே தீன், ஒரே வயது: ஒரு தொட்டிக் குஞ்சு மட்டும் ஏன் சிறுத்துப் போகிறது?

தம்பி, நீங்கள் எழுதியதை மற்றவர்களுக்கும் விளங்கும்படி ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்புப் பக்கம் கொக்கட்டிச்சோலையில் வீட்டு வளவுக்குள் இரண்டு சீமெந்துத் தொட்டி. இரண்டிலும் ஒரே நாளில் ஒரே இடத்தில் எடுத்த திலாப்பியாக் குஞ்சு, தொட்டிக்கு ஆயிரம். விடும்போது 2 சென்ரிமீற்றர் நீளம், நிறை 0.2 கிராம் அளவில். இரண்டுக்கும் ஒரே மூட்டையிலிருந்து 2 மில்லிமீற்றர் பெலட் (உருட்டிய தீன்), ஒரே நிறை. முதல் தொட்டிக்கு மட்டும் அம்மா உரலில் இடித்துப் போட்டார். இரண்டாவதுக்கு நீங்கள் அப்படியே எறிந்தீர்கள். ஐந்து கிழமை கழித்துப் பார்த்தால் அம்மாவின் தொட்டியில் பெரும்பாலும் 5, 6 கிராம் குஞ்சு, ஏறக்குறைய ஒரே அளவு. உங்கள் தொட்டியில் இருபது முப்பது குஞ்சு 10 கிராமைத் தாண்டி நிற்க, மிச்சமெல்லாம் 1, 2 கிராமில் கிடக்கிறது. இது இடித்ததால் வந்ததா, அப்படியென்றால் கடைசிவரை மாவாக்கியே போடலாமா, அடுத்த வருடம் கொடுவா மீன் வளர்க்க நினைக்கிறேன், அதற்கும் இதே கணக்கா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இடித்ததால்தான். ஆனால் கடைசிவரை மாவாக்கிப் போட்டால் அம்மாவின் தொட்டியிலும் இன்னும் சில கிழமையில் வளர்ச்சி நின்றுவிடும். கொடுவாவுக்கும் இதே கணக்குத்தான். அங்கே கணக்குப் பிழைத்தால் குஞ்சு சிறுக்காது, காணாமல் போகும். இனி ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மீன்குஞ்சு தீனைப் பிய்த்துத் தின்னாது. ஒரே வாயாக உள்ளே இழுக்கும். திலாப்பியாவுக்குத் தொண்டைக்குள் அரைக்கும் பற்கள் உண்டு. ஆனாலும் அந்தப் பல்லுக்குப் போய்ச் சேர முதலில் வாய்க்குள் நுழைய வேண்டும். அதனால் மூட்டையில் எழுதியிருக்கும் புரதத்தைப் பார்க்க முன்னர் பார்க்க வேண்டியது பருமன். 40 வீதப் புரதம் உள்ள தீனாக இருந்தாலும் வாய்க்குள் போகாவிட்டால் அந்தக் குஞ்சுக்கு அது கல்லுத்தான்.

இதை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1979இல் வன்கோவ்ஸ்கி, தோர்ப் என்ற இருவர் அத்திலாந்திக் சால்மன் குஞ்சுகளுக்கு வெவ்வேறு பருமனில் தீன் போட்டு வளர்ச்சியை ஒப்பிட்டார்கள். உடல் நீளத்தில் 2.2 முதல் 2.6 வீதம் பருமனுள்ள தீனில்தான் குஞ்சு நன்றாக வளர்ந்தது. அதைவிடப் பெரிதானாலும் வளர்ச்சி குறைந்தது, சிறிதானாலும் குறைந்தது. சால்மன் வேறு, திலாப்பியா வேறு. சால்மன் எங்கள் வாவியைக் கண்டதுமில்லை. ஆனால் தொடங்குவதற்கு இது நல்ல அளவுகோல். திலாப்பியாக் குஞ்சுக்கு நான் பழக்கத்தில் போடும் அளவும் இதற்குக் கிட்டத்தான் வருகிறது.

உங்கள் 2 சென்ரிமீற்றர் குஞ்சுக்கு இதைப் போட்டுப் பாருங்கள். 20 மில்லிமீற்றரில் இரண்டரை வீதம் என்றால் அரை மில்லிமீற்றர். நீங்கள் போட்டது 2 மில்லிமீற்றர், அதாவது குஞ்சின் நீளத்தில் பத்தில் ஒன்று. ஐந்தரை அடி ஆளுக்கு இதையே பொருத்தினால், அரை மில்லிமீற்றர் என்பது ஒன்றரை அங்குலக் கொழுக்கட்டை. ஒரு வாயில் போகும். 2 மில்லிமீற்றர் என்பது ஆறரை அங்குலக் கொழுக்கட்டை. அதைக் கையும் இல்லாமல், கடிக்கவும் இல்லாமல் அப்படியே விழுங்கு என்று சொன்னதுதான் இரண்டாவது தொட்டியில் நடந்தது.

அப்படியென்றால் எல்லாமே செத்திருக்க வேண்டுமே, இருபது முப்பது எப்படிப் பெருத்தது என்று கேட்பீர்கள். பெலட் தண்ணீரில் ஊறும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஓரம் கரைந்து மெதுமையாகும். அப்போது கொஞ்சம் பெரிய வாயுள்ள குஞ்சு அதை முட்டி முட்டி, உதிர்ந்ததைத் தின்னும். விடும்போது 2 சென்ரிமீற்றர் என்று நாங்கள் சொன்னாலும் எல்லாம் ஒரே அளவில்லை. இரண்டேகால், இரண்டரை என்று சிலது இருக்கும். முதல் கிழமையில் அந்தச் சிலதுக்குத்தான் சாப்பாடு. அதனால் அவற்றின் வாய் இன்னும் அகலும், அடுத்த கிழமை அவற்றுக்கு இன்னும் கூட. மற்றவை பாசியையும் எச்சத்தையும் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். பிறவியில் வந்த வித்தியாசம் கொஞ்சம்தான். மிச்சத்தை உருவாக்கியது தீனின் பருமன்.

இதில் இன்னொரு பக்கம் இருக்கிறது. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை, எனக்கும் விளங்க வருடங்கள் எடுத்தது. தீனை நாங்கள் நிறையால் கணக்குப் பார்க்கிறோம். குஞ்சுகளுக்கு அது எண்ணிக்கையாகத்தான் போய்ச் சேருகிறது. உங்கள் கணக்கையே எடுப்போம். ஆயிரம் குஞ்சு, தலா 0.2 கிராம், மொத்தம் 200 கிராம். ஒரு நாளைக்கு உடல் நிறையில் 12 வீதம் என்றால் 24 கிராம். நான்கு நேரமாகப் பிரித்தால் ஒரு நேரத்துக்கு 6 கிராம். 2 மில்லிமீற்றர் பெலட் ஒன்று ஏறக்குறைய 4 மில்லிகிராம் இருக்கும். ஆகவே 6 கிராமில் இருப்பது ஆயிரத்து ஐநூறு பெலட். ஆயிரம் வாய்க்கு ஆயிரத்து ஐநூறு. ஒரு தடித்த குஞ்சு ஓடிப்போய் மூன்றைப் பிடித்தால் இன்னொன்றுக்கு அந்த நேரம் ஒன்றுமில்லை. அதே 6 கிராமை 1 மில்லிமீற்றராக ஆக்கினால் பன்னிரண்டாயிரம் துண்டு. விட்டம் பாதியானால் துண்டு எட்டு மடங்கு. அரை மில்லிமீற்றராக்கினால் தொண்ணூறாயிரத்தைத் தாண்டும். அப்போது எந்த முரட்டுக் குஞ்சும் எல்லாவற்றையும் மறிக்க முடியாது. அது தின்றுகொண்டிருக்கும்போதே மூலையில் நிற்கிற சின்னதின் வாய்க்கு முன்னாலும் ஒரு துண்டு வந்து நிற்கும். அம்மாவின் தொட்டியில் எல்லாம் ஒரே அளவாக வளர்ந்ததற்குக் காரணம் இதுதான். வாய்க்குள் போனது ஒன்று. எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது மற்றது.

அம்மாவின் உரல் இன்னொரு வேலையும் செய்திருக்கிறது. உரலில் இடித்தால் ஒரே அளவு வராது. புழுதியும் வரும், அரை மில்லிமீற்றரும் வரும், ஒன்றரை மில்லிமீற்றர் குறுணலும் கிடக்கும். குஞ்சு வளர வளர அந்தக் கலவைக்குள் தனக்கு ஏற்றதைப் பொறுக்கிக்கொண்டது. முதல் ஐந்து கிழமைக்கு அது நன்றாகவே பொருந்தியது.

சரி, அப்படியானால் ஏன் தொடர்ந்து மாவாக்கக் கூடாது? ஒரு பெலட்டை நாலில் ஒரு பங்கு விட்டத்துக்கு உடைத்தால், அதே நிறைக்குத் தண்ணீரில் படும் பரப்பு நாலு மடங்காகிறது. தண்ணீரில் கரையக்கூடிய சத்துகள், உயிர்ச்சத்து சி, சில அமினோ அமிலங்கள் எல்லாம் குஞ்சின் வாய்க்குப் போக முன்னரே தண்ணீருக்குப் போய்விடும். சிறு குஞ்சுக்கு வேறு வழியில்லை, அந்த இழப்பைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். 5 கிராம் குஞ்சுக்கு அது தேவையில்லாத இழப்பு. அடுத்தது, 5 கிராம் குஞ்சு புழுதியைத் தேடித் தின்னாது. தின்றாலும், ஒரு வாய்க்கு நீந்திப் போகிற சக்திக்கும் கிடைக்கிற சாப்பாட்டுக்கும் கட்டுப்படியாகாது. வயலில் ஒவ்வொரு நெல்மணியாகப் பொறுக்கி வயிறு நிரப்பச் சொல்வது போல. மூன்றாவது, தின்னாத புழுதி எங்கே போகும்? கொஞ்சம் செவுளில் ஒட்டும், மிச்சம் அடியில் படிந்து அழுகி அமோனியாவாகும். மண் குளமென்றால் கொஞ்சம் தாங்கும். சீமெந்துத் தொட்டி தாங்காது. விடியப்புறம் குஞ்சு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் காண்கிறீர்கள் என்றால் தீனைக் கூட்டுவதைப் பற்றி யோசிக்கும் நேரமில்லை அது. அடியைக் கழுவித் தண்ணீர் மாற்றும் நேரம்.

அளவுகளைச் சொல்கிறேன், திலாப்பியாவுக்கு. தீன் எடுக்கத் தொடங்கியதிலிருந்து அரைக் கிராம் வரை 0.3 முதல் 0.5 மில்லிமீற்றர் மா. அரையிலிருந்து 2 கிராம் வரை 0.5 முதல் 1. அங்கிருந்து 10 கிராம் வரை 1 முதல் 1.5. பத்திலிருந்து முப்பது வரை 1.5 முதல் 2. அதற்குமேல் 100 கிராம் மட்டும் 2 முதல் 3, பிறகு 3, 4 மில்லிமீற்றர் போதும். அதாவது நீங்கள் வாங்கிய மூட்டையில் பிழையில்லை. அது இன்னும் வளர்ந்த குஞ்சுக்கு உரிய மூட்டை. இது மாற்ற முடியாத சட்டமும் இல்லை. நான் எப்போதும் கூட்டத்தின் சராசரியைப் பார்த்து அளவு எடுப்பதில்லை, சின்ன மூன்றில் ஒரு பங்கைப் பார்த்துத்தான் எடுப்பேன். பெரியது கொஞ்சம் சின்னத் துண்டைத் தின்னும், அதற்குப் பெரிய நட்டமில்லை. சின்னது பெரிய துண்டைத் தின்னவே முடியாது. அளவு மாற்றும்போது ஒரே நாளில் மாற்ற வேண்டாம். மூன்று நாலு நாள் பழையதையும் புதியதையும் பாதிக்குப் பாதி கலந்து போடுங்கள்.

வாயை அளக்கவும் வழி உண்டு. ஷிரோத்தா என்ற ஜப்பானிய ஆய்வாளர் 1970இல் ஒரு எளிய கணக்குச் சொன்னார்: மேல்தாடையின் நீளத்தை 1.4ஆல் பெருக்கினால் முழுவதும் திறந்த வாயின் உயரம் ஏறக்குறைய வரும். ஒரு குஞ்சை ஈரத் துணியில் பக்கவாட்டில் கிடத்தி, பக்கத்தில் அடிமட்டத்தை வைத்துப் போனில் படம் எடுத்து, படத்தைப் பெருப்பித்துத் தாடையை அளக்கலாம். பத்து விநாடிக்குமேல் வெளியில் வைக்காதீர்கள். வருகிற வாய் உயரத்தில் நாலில் ஒன்றுக்கும் பாதிக்கும் இடைப்பட்ட தீன் வசதியாகப் போகும். முழு வாய்க்கும் பொருந்துகிற தீன் போடக்கூடாது. எந்த உயிரும் வாயைக் கிழியத் திறந்துகொண்டு ஒவ்வொரு கவளமும் சாப்பிடாது.

ஆனால் படத்தைவிட எனக்கு நம்பிக்கை கண்ணால் பார்ப்பதில்தான். காலை எட்டு மணிக்குத் தொட்டி ஓரத்தில் குந்தியிருங்கள். நிழல் தண்ணீரில் விழாத பக்கமாக. இருபது பெலட்டை மட்டும் போடுங்கள். ஒரு குஞ்சைக் கண்ணால் குறித்துக்கொண்டு அதையே பாருங்கள். சரியான அளவென்றால் வரும், வாய் திறக்கும், பெலட் மறையும், குஞ்சு திரும்பிவிடும், அரை விநாடி. பெரிதென்றால் எடுக்கும், துப்பும், ஒரு சாண் பின்னால் போய்த் திரும்பி வந்து மறுபடி எடுக்கும், மறுபடி துப்பும். சிலது துப்பியதை இன்னொன்று எடுத்துப் பார்க்கும், அதுவும் துப்பும். அந்தப் பெலட் ஐந்தாறு வாய் மாறி ஓரம் தேய்ந்து கடைசியில் அடிக்குப் போகும். பத்துக் குஞ்சில் இரண்டுக்குமேல் துப்பினால் நான் ஒரு அளவு இறங்கிவிடுவேன். சிறிதென்றால் வேறு மாதிரி: முதல் ஒரு நிமிடம் ஆவலாக வரும், பிறகு வாயைத் திறந்துகொண்டே சும்மா நீந்தும், தீன் மிதந்தபடி இருக்கும். ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டைக் கயிற்றில் கட்டி அடியில் இறக்கி வையுங்கள். கால்மணி நேரம் கழித்துத் தூக்கினால் உங்கள் தீனில் எவ்வளவு வீணாகிறது என்பது அந்தத் தட்டில் தெரியும்.

சின்ன அளவில் தீன் எங்கே கிடைக்கும் என்பது எங்கள் பக்கத்தில் உண்மையான பிரச்சினை. கடைகளில் எப்போதும் கிடைப்பது 2 மில்லிமீற்றரும் அதற்கு மேலும். ஒருமுறை குஞ்சுத் தீன் என்று சொல்லி ஒரு வியாபாரி தந்த மூட்டையை நான் வீட்டில் அரித்துப் பார்த்தேன். அடியில் இரண்டு கிலோவுக்கு மேல் வெறும் புழுதி. காசு கொடுத்துத் தண்ணீரைக் கெடுக்கிற சாமான் வாங்கியிருக்கிறேன். அன்றிலிருந்து வாங்கின மூட்டை எதுவானாலும் அரிக்காமல் தொட்டிக்குப் போவதில்லை.

ஆகவே உரல் இருக்கட்டும், அதோடு அரிதட்டும் சேரட்டும். இடித்ததை முதலில் பெரிய கண் அரிதட்டில் அரியுங்கள். மேலே நிற்பது திரும்ப உரலுக்கு. கீழே விழுந்ததை மா அரிக்கிற சின்னக் கண் அரிதட்டில் அரியுங்கள். மேலே நிற்பதுதான் உங்களுக்கு வேண்டிய குறுணல், கீழே விழுகிற புழுதியைக் கோழிக்குப் போடுங்கள். அரிதட்டின் கண் எவ்வளவு என்று தெரியாவிட்டால் அடிமட்டத்தை வைத்து ஒரு அங்குலத்துக்குள் எத்தனை கண் என்று எண்ணுங்கள். 25 கண் என்றால் கம்பியோடு சேர்த்து ஒரு கண்ணுக்கு 1 மில்லிமீற்றர். கம்பித் தடிப்பைக் கழித்தால் முக்கால் சுற்றில் வரும். பெரிய கண்ணுக்கு நுளம்பு வலைத் துண்டு நல்லது, சாதாரண வலையில் துளை ஒன்றேகால், ஒன்றரை மில்லிமீற்றர் இருக்கும். ஆனால் ஒரு விடயத்தில் மிகக் கவனம்: மலேரியாக் காலத்தில் எங்கள் பக்கமெல்லாம் மருந்து ஊட்டிய வலைகள் கொடுத்தார்கள். 2016இல் இலங்கை மலேரியா இல்லாத நாடென்று அறிவிக்கப்பட்டுவிட்டது, அந்த வலைகள் சில இன்னும் வீட்டு மூலைகளில் கிடக்கின்றன. அந்த மருந்து மீனுக்குக் கடும் நஞ்சு. அதில் அரிக்கவும் கூடாது, அதைக் குஞ்சு வலையாகத் தொட்டியில் கட்டவும் கூடாது. புது வலையாகக் கடையில் வாங்கி, மருந்து இல்லாதது என்று கேட்டு எடுங்கள்.

ஒரு கிழமைக்குத் தேவையானதை மட்டும் இடியுங்கள். உடைந்த தீனின் எண்ணெய் காற்றுப் பட்டுச் சீக்கிரம் காறிவிடும். மாரி காலத்தில் ஈரம் பிடித்துப் பூஞ்சணமும் வரும். பூஞ்சணம் கண்ட தீனைக் காயவைத்துப் போடலாம் என்று நினைக்க வேண்டாம். பூஞ்சணம் போனாலும் அது விட்ட நஞ்சு போகாது.

வீட்டிலேயே தீன் செய்கிறவர்களுக்கு இடியப்ப உரல் கைகொடுக்கும். உப்பில்லாத நெத்தலிக் கருவாட்டுத் தூள், தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு, கொஞ்சம் கோதுமை மா சேர்த்து, அவித்து, சூட்டோடு பிசைந்து இடியப்பம் பிழிவதுபோல ஓலைப்பாயில் பிழிந்து நிழலில் காயவையுங்கள். காய்ந்ததும் உள்ளங்கையால் நசுக்கி அரித்தால் ஒரே தடிப்பில் குறுணல் வரும். அவிப்பதை விடாதீர்கள், அவிந்த மா ஒட்டினால்தான் துண்டு தண்ணீரில் சிறிது நேரம் நிற்கும். தவிட்டையும் புண்ணாக்கையும் மட்டும் வைத்துச் சிறு குஞ்சு வளர்க்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். இந்த வயதுக் குஞ்சுக்கு 35, 40 வீதப் புரதம் தேவை, இரண்டும் சேர்ந்தாலும் அதில் பாதிதான் வரும். மீன் தூள் கூடினால்தான் கணக்கு ஓடும்.

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கிறீர்கள், அதனால் கச்சான் காற்றைப் பற்றி ஒரு சொல். ஆனி ஆடியில் மேற்கிலிருந்து அது வீசும்போது மேலே போட்ட மாவெல்லாம் கிழக்குச் சுவரோடு ஒதுங்கிவிடும். பெரிய குஞ்சு சுவரோடு வந்து நிற்கும், சின்னது அண்டாது. அளவு சரியாக இருந்தும் அங்கே மறுபடி அதே பாகுபாடு. பிவிசி குழாயை வளைத்து ஒரு வளையம் செய்து மேற்குப் பக்கமாக மிதக்க விட்டு, அதற்குள் போடுங்கள். தொட்டி பெரிதென்றால் இரண்டு வளையம். அல்லது காற்று எழும்ப முன்னர் காலையிலும், அடங்கிய பிறகு பின்னேரத்திலும் கூடப் போட்டு, நடுப்பகலில் குறையுங்கள்.

இந்த அளவு விவகாரமெல்லாம் தெளிந்த தண்ணீர்த் தொட்டியில்தான் இவ்வளவு கடுமையாக உறைக்கும். மாட்டெரு போட்டுப் பச்சையாக வைத்திருக்கும் மண் குளத்தில் குஞ்சுக்கு வேறு சாப்பாடு இருக்கிறது: 0.1 முதல் 0.3 மில்லிமீற்றர் அளவில் சக்கர உயிரிகள் (ரொட்டிஃபர்) என்ற மிகச் சின்ன நீர் உயிர்கள், அதைவிடக் கொஞ்சம் பெரிய தண்ணீர்த் தெள்ளுகள். இயற்கை அங்கே எல்லா அளவிலும் உயிரோடு தீன் விரித்து வைத்திருக்கிறது. இங்கினியாகலையில் அரசாங்கக் குஞ்சு நிலையத்தில் எடுக்கிற கட்லா, ரோகுக் குஞ்சுகளைக் குளத்தில் விட முன் மண் தடாகத்தில் வளர்க்கிற மீனவர் சங்கத்தார் தவிட்டு மாவையே போட்டும் ஓரளவு சமாளிப்பது இதனால்தான். உங்கள் இரண்டு தொட்டியில் அம்மாவின் தொட்டித் தண்ணீர் மற்றதைவிடப் பச்சையா என்று பாருங்கள். அப்படியென்றால் வித்தியாசத்தில் ஒரு பங்கு அந்தப் பச்சைக்கும் சேரும்.

இனிக் கொடுவா. கொடுவாக் குஞ்சு பிறந்து இரண்டு நாளில் வாய் திறக்கும். அப்போது அதற்குச் சக்கர உயிரி, பிறகு அரை மில்லிமீற்றருக்குக் கிட்ட வரும் ஆட்டீமியா என்ற சின்ன உப்புநீர் இறாலின் குஞ்சு, மூன்று கிழமைக்குப் பிறகுதான் மெதுவாகக் காய்ந்த தீன். இதெல்லாம் குஞ்சு நிலையத்தின் வேலை, உங்கள் கைக்கு வரும்போது அது தீனுக்குப் பழகியிருக்க வேண்டும்; பழகியதா என்று அங்கேயே போட்டுக் காட்டச் சொல்லிப் பார்த்து வாங்குங்கள். கொடுவாவின் வாய் திலாப்பியாவைவிட அகலம், அதே நீளத்துக்கு ஒரு அளவு பெரிய தீன் எடுக்கும். ஆபத்தும் அந்த வாயில்தான் இருக்கிறது. தன் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கிற தம்பியை அது விழுங்கிவிடும். 3 சென்ரிமீற்றர் குஞ்சு 2 சென்ரிமீற்றர் குஞ்சைத் தின்னும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கன வருடத்துக்கு முன் ஐநூறு கொடுவாக் குஞ்சைச் சின்னக் கண் வலைக் கூட்டில் விட்டு வளர்த்தேன். இரண்டு கிழமை நன்றாகத்தான் போனது. திருக்கோவில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குக் குடும்பத்தோடு போனபோது நாலு நாள் தீன் போடும்படி ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போனேன். எவ்வளவு போட வேண்டும் என்று சொன்னேன், எந்த அளவில் நறுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அவர் மனம் வைத்துத்தான் செய்தார். சாளையைப் பெரிய துண்டாக நறுக்கி நேரத்துக்குப் போட்டார். திரும்பி வந்து கூட்டைத் தூக்கினேன். செத்த மீன் ஒன்றும் மிதக்கவில்லை, வலையில் ஓட்டை இல்லை. எண்ணிப் பார்த்தால் இருநூற்றுச் சொச்சம். அதில் பத்துப் பதினைந்து வயிறு புடைத்து நின்றது. ஒன்றின் வாயில் இன்னொன்றின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இரண்டும் செத்துக்கொண்டிருந்தன. அந்தக் காட்சி எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பெரிய துண்டைத் தின்ன முடிந்த சிலது முதல் நாளே முந்திவிட்டன. பசித்த மற்றவை அவற்றுக்குச் சாப்பாடாகின. அதனால் கொடுவாவில் நாலைந்து நாளுக்கு ஒருமுறை பெரியதையும் சின்னதையும் தரம் பிரிக்காமல் விடவே கூடாது. தீன் போடுகிற வேலையை யாரிடமாவது கொடுத்தால் நிறையோடு அளவையும் காட்டிக் கொடுங்கள், ஒரு கை மாதிரியை டப்பாவில் போட்டு வைத்துவிட்டுப் போங்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது தொட்டிக்குச் செய்ய வேண்டியது. நாளை பின்னேரத் தீனை நிறுத்துங்கள். மறுநாள் வெயில் ஏற முன் அத்தாங்கால் மெதுவாக அள்ளி, பெரிய முப்பதையும் தனியே எடுங்கள். அவற்றை ஒரு வலைக் கூட்டில் விட்டு 2 மில்லிமீற்றர் பெலட்டையே போடலாம், அவற்றுக்கு இப்போது அது சரியான அளவு. மிச்சமிருக்கும் 1, 2 கிராம் குஞ்சுக்கு 0.5 முதல் 1 மில்லிமீற்றர் குறுணல், நாளைக்கு ஐந்து நேரம், உடல் நிறையில் 8 முதல் 10 வீதம். ஐந்து கிழமை முன் போட்ட அதே நிறையை இன்னும் போடாதீர்கள். கிழமைக்கு ஒருமுறை இந்தச் சின்னதில் முப்பது குஞ்சை நிறுத்துப் பார்த்துக் கணக்கை மாற்றுங்கள். அம்மாவின் தொட்டிக்கு 1 முதல் 1.5 மில்லிமீற்றர், 6 வீதம், நாலு நேரம். அம்மாவிடம் இனிக் கொஞ்சம் மெதுவாக இடிக்கச் சொன்னால் போதும், மா வேண்டாம், குறுணல்தான் வேண்டும்.

பின்தங்கிய குஞ்சுகளை வெளியே எறிந்துவிடலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பட்டினியால் சிறுத்த குஞ்சு, வாய்க்கேற்ற தீன் கிடைத்தால் வேகமாக எழும்பும். எல்லாம் இல்லாவிட்டாலும் பெரும்பங்கு எழும்பும். இரண்டு கிழமை பாருங்கள். அதற்குப் பிறகும் தலை பெரிதாக, முதுகு மெலிந்து நிற்பவை இருந்தால் அவற்றை மட்டும் பிரித்துவிடுங்கள். கிழமைக்கு ஒருமுறை நிறுக்கும் முப்பது குஞ்சின் நிறையையும், தட்டில் மிஞ்சியது எவ்வளவு என்பதையும் எழுதுங்கள், அடுத்த அளவுக்கு எப்போது ஏறுவது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.